வேதாளத்தின் வினாவும் மன்னனின் மௌனமும்: அம்புலிமாமாத் தொடர் பற்றி ஒரு நோக்கு

1

மாயக் கதைகளைத் திறனாய்வாளர் பொருட்படுத்துதல் வேண்டுமா என்னும் வினா, தமிழ் விமரிசன உலகில் என்றோ தீர்ந்துபோன வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968), கா. சிவத்தம்பியின் ‘நாவலும் வாழ்க்கையும்’ (1978) முதலிய நூல்களிற் பயின்ற தலைமுறையினர் யதார்த்தத்தையே புனைகதையின் உரைகல்லாகக் கொண்டனர். பூதமும் வேதாளமும் மந்திரக் குளிகையும் நிறைந்த கதைகள் சிறுவர்க்கு உரியவை என்பதும், வளர்ந்தோர் அவற்றை நாடுவது வாழ்க்கையின் முரண்பாடுகளிலிருந்து தப்பியோடும் செயலே என்பதும் பொது எண்ணமாயின. இவ்வெண்ணம் முற்றிலும் தவறென்று நாம் வாதிட முன்வரவில்லை. வாசகரை மயக்கத்தில் ஆழ்த்திப் பணம் ஈட்டும் எழுத்து அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயின், ஒரு நூல் எதைக் கூறுகிறது என்பதோடு, அதனை யார், எந்நிலையில் நின்று, எத்தேவை கருதி வாசித்தனர் என்பதும் சமூகவியல் நோக்குடைய விமரிசனம் கேட்கவேண்டிய கேள்வியேயாகும். இரண்டாவது கேள்வியை எழுப்பும்போது, தப்பியோடுதல் எனப்பட்டது சிலருக்குத் தம் நிலைமையை முதன்முதலாக நேர்நின்று பார்த்த செயலாக இருந்தமை புலப்படும்.

தன்பால் ஈர்ப்புடையோரும், பிறப்பின்போது தமக்கு விதிக்கப்பட்ட பால்நிலையோடு ஒன்றாதோரும் தம்மை இன்னாரெனப் பிறர்க்கு எடுத்துரைப்பதை மேனாட்டார் ‘வெளியே வருதல்’ என்னும் பொருள்படும் தொடராற் குறிப்பர். இக்கட்டுரையில் அதனை ‘வெளிப்படுத்தல்’ என வழங்குவோம். அம்புலிமாமா இதழில் ஆண்டுக்கணக்காக வெளிவந்த விக்கிரமன் – வேதாளம் கதைத் தொடரை, வெளிப்படுத்தலின் இடர்ப்பாட்டோடு இயைத்து நோக்குவதே இங்கு எமது முயற்சி. அம்முயற்சிக்கு எமது வாசிப்பனுபவமே முதற் சான்று. ஆய்விதழ்க் கட்டுரைகளிற் சொந்த வாழ்க்கை இடம்பெறுதல் வழக்கமன்று என்பதை நாம் அறிவோம். எனினும் இப்பொருள் பற்றிச் சான்று தரக்கூடியோர் பலர் வாய்திறக்க இயலாத நிலையில், உள்ள சான்றினை மறைத்துவிட்டுப் பொதுப்பட எழுதுவது நேர்மையாகாது.

2

வேதாளக் கதைகளின் வரலாற்றை முதலிற் சுருக்கமாகக் கூறுதல் தகும். இக்கதைகள் சமஸ்கிருதத்திற் பல பாடங்களாக வழங்குகின்றன. பதினோராம் நூற்றாண்டிற் காசுமீரத்தைச் சேர்ந்த சோமதேவர் இயற்றிய ‘கதாசரித்சாகரம்’ அவற்றுள் ஒரு பாடத்தைத் தன்னகத்தே கொண்டது. அங்கு மன்னனின் பெயர் திரிவிக்கிரமசேனன். பிற்கால வழக்கில் அவன் விக்கிரமாதித்தன் ஆகின்றான். தமிழிற் ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’ என்னும் மலிவுப் பதிப்பு, கோயில் திருவிழாக் கடைகள் வழியாகச் சாதாரண மக்களைச் சென்றடைந்தது. மூலத்திற் சிம்சபா மரத்திலே தொங்கிய பிணம் தமிழில் முருங்கை மரத்துக்கு வந்து சேர்ந்தமையும், வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது என்பது பழமொழியானமையும் இக்கதை தமிழ் மண்ணில் எவ்வளவு ஊன்றியது என்பதற்குச் சான்றாகும்.

1947ஆம் ஆண்டு சென்னையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய சிறுவர் இதழின் தமிழ்ப் பதிப்பே அம்புலிமாமா. பழைய வேதாளக் கதைகள் தீர்ந்த பின்னரும் அதே சட்டகத்துள் புதிய கதைகளை அமைத்து இத்தொடர் நெடுங்காலம் நீடித்தது. ஓவியர் சங்கர் (கே. சி. சிவசங்கரன், மறைவு 2020) வரைந்த படம் இன்றும் பலர் கண்முன் நிற்கும்: உருவிய வாள் ஒரு கையில், தோளிலே பிணம், இருண்ட மயானம், நடக்கும் மன்னன். மாதந்தோறும் தொடர் அதே இடத்தில் தொடங்கியது. அதே இடத்தில் முடிந்தது.

நாம் இத்தொடரை வாசித்தது மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் வந்த தென்னிந்தியத் தொழிலாளர்க்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை. வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் வேலை செய்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்தம் சந்ததியினரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோர் ஆக்கப்பட்டனர். எம் தந்தையார் சம்பள நாளில் மாத்தளை நகருக்கு இறங்குவார். அங்கு பழைய இதழ்களை வாடகைக்குத் தந்த சிறு கடையொன்றிலிருந்து இரண்டு மூன்று அம்புலிமாமாக்களை எடுத்து வருவார். 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் இடையிலே பல மாதங்கள் இராதிருந்தன. தொடர்கதையாயின் அது பெரிய குறை. வேதாளத் தொடருக்கோ அது குறையாகவே இல்லை; எந்த மாதத்தை எடுப்பினும் மன்னன் முருங்கை மரத்தடியிலேயே நின்றான்.

மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் முதலியோரின் சிறுகதைகளைப் பின்னர் வாசித்தபோது எம் தாய் தந்தையரை அவற்றிற் கண்டோம். லயத்தையும் பிரட்டுக் களத்தையும் கண்டோம். அந்த எழுத்துக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எம்முள்ளே யாருக்கும் கூறவியலாது எழுந்த கலக்கத்தை அன்று எமக்குக் காட்டிய எழுத்து வேதாளக் கதை ஒன்றே. நண்பன் ஒருவன்மீது எமக்கிருந்தது நட்பு மாத்திரமன்று என்பதை அறிந்துகொண்ட காலம் அது. அறிந்ததைச் சொல்லுதற்கு ஆளும் இல்லை, சொல்லும் இல்லை.

3

தொடரின் சட்டகத்தைச் சற்று நுணுகி நோக்குவோம். மன்னன் பிணத்தைச் சுமந்து செல்கிறான். பிணத்தினுள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, இறுதியில் வினாவொன்றை எழுப்புகிறது. விடை தெரிந்திருந்தும் மன்னன் பேசாதிருப்பின் அவன் தலை வெடித்துச் சிதறும். பேசினால் மௌனம் கலையும். வேதாளம் பிணத்தோடு மரத்துக்குத் திரும்பும். நடந்த வழியெல்லாம் வீணாகும். மௌனத்துக்குத் தண்டனை மரணம். பேச்சுக்குத் தண்டனை இழப்பு.

இவ்விரு முனைகளுக்கு இடையிலேதான் வெளிப்படுத்தலின் இடர்ப்பாடு அமைகின்றது. பேசாதிருப்பதன் விலை உடலிலும் உள்ளத்திலும் அறவிடப்படும். பேசுவதன் விலை வீடு, தொழில், திருமணப் பேச்சு, உடன்பிறந்தோரின் எதிர்காலம் என்பனவாக வெளியே அறவிடப்படும். தலை வெடிக்கும் என்பதை அச்சுறுத்தலாக மட்டும் சிறுவயதில் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அது எமக்குத் தெரிந்த ஓர் உணர்வின் வருணனையாக இருந்தது. இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். தெரியாதவனைச் சாபம் தீண்டாது. தெரிந்து மறைப்பவனையே அது தீண்டும். தன்னைத் தான் அறியாத நிலையில் ஒருவருக்கு இந்த இடர் இல்லை. அறிந்த கணத்திலேயே அது தொடங்குகின்றது.

பேச்சுக்கு விதிக்கப்பட்ட விலை வெறும் குடும்ப விவகாரமன்று. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு குடியேற்ற ஆட்சியினரால் ஆக்கப்பட்டது. அதன் 365ஆம், 365அ ஆம் பிரிவுகள் தன்பால் உறவைக் குற்றமாக்கின. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாவது பிரிவைத் தளர்த்தவில்லை. ஆண்களை மட்டும் சுட்டிய சொல்லை நீக்கிப் பெண்களையும் அதனுள் அடக்கியது. இப்பிரிவுகளை மாற்றக் கோரிய தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகியிருக்கவில்லை. அண்டை நாடாகிய இந்தியாவில் 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, அதே குடியேற்ற மரபில் வந்த 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை விடுவித்தது. மன்னன் வாய்திறக்க அஞ்சுவதற்கு மயானத்துக்கு வெளியேயும் காரணங்கள் உள.

மாத்தளைச் சிறுவராகிய எமக்கு மௌனம் மற்றொரு வழியாலும் கற்பிக்கப்பட்டது. 1983 யூலை வன்செயல் மாத்தளையையும் விட்டுவைக்கவில்லை. எமக்கு இதழ் தந்த கடையும் எரிந்தது. அதன் பின்னர் நகருக்குப் போகும்போது எம் அன்னையார் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டே பேருந்தில் ஏறுவார். “பஸ்ஸுல வாயத் தொறந்து தமிழ்ல பேசிறாத” என்று எம் கையை அழுத்துவார். இன்னாரெனத் தெரிந்துவிட்டால் ஆபத்து என்னும் பாடத்தை அவ்வாறு கற்றோம். சியாம் செல்வதுரையின் ஆங்கில நாவலான ‘ஃபனி போய்’ (1994) கொழும்புத் தமிழ்ச் சிறுவனொருவனின் தன்பால் ஈர்ப்பையும் 1983இன் அழிவையும் ஒரே கதையோட்டத்தில் வைத்ததன் வலிமையை, இப்பின்னணியில் நோக்குவோர் எளிதில் உணர்வர். ஆயின் இரு மௌனங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடொன்று உண்டு. பேருந்தில் நாம் காத்த மௌனத்தில் அன்னையார் எம்மோடு இருந்தார். மற்றைய மௌனத்தை நாம் அன்னையாரிடமிருந்தே காக்க வேண்டியிருந்தது. தமிழனென்று மறைந்தவனுக்கு வீடு திரும்பியதும் மறைவு தேவையில்லை. எமக்கு வீட்டிலேதான் அது கூடுதலாகத் தேவைப்பட்டது.

4

மேனாட்டு மாயக் கதைகளிலும் இத்தகைய ஒப்புமைகளை வாசகர் கண்டுள்ளனர். ‘எக்ஸ்-மென்’ வரிசையின் 2003ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், தன் விசேட ஆற்றலைப் பெற்றோரிடம் ஒப்புக்கொள்ளும் இளைஞனிடம் தாய் அதனை விட்டுவிட முயன்று பார்த்தாயா என்னும் கருத்துப்படக் கேட்கும் காட்சி வெளிப்படுத்தலை நினைந்தே அமைக்கப்பட்டது என்பது வெளிப்படை. ஆர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’ வரிசையின் முதல் நூலில் (1968) ஒவ்வொருவருக்கும் மறைவான மெய்ப்பெயர் உண்டு. அதனைச் சொல்லுதல் தன்னையே பிறர் கையில் ஒப்படைப்பதாகும். தோழன் ஒருவன் கேளாமலே தன் மெய்ப்பெயரை நாயகனுக்கு வழங்குமிடம் அந்நூலின் உயர்ந்த இடங்களுள் ஒன்று. ஜே. கே. ரோலிங்கோ, தம் ஹரி பொட்டர் வரிசையின் ஏழு நூல்களும் வெளிவந்த பின்னர், 2007 ஒக்டோபரில் நியூயோர்க் மேடையொன்றில்தான் அதன் முதுபெரும் ஆசானைத் தன்பால் ஈர்ப்புடையவரெனக் கூறினார். நூல்களுள் அச்செய்தி வெளிப்படையாக இல்லை. ஆசிரியர் கூறாததை வாசகர் கண்டுகொள்வதும், வாசகர் கண்டதை ஆசிரியர் பின்னர் கூறுவதும் வேறுவேறு. முன்னதற்கு ஆசிரியரின் ஒப்புதல் தேவையில்லை.

இவற்றோடு ஒப்பிடுகையில் வேதாளத் தொடரின் தனித்தன்மை புலனாகும். மேனாட்டுக் கதைகளில் வெளிப்படுத்தல் பெரும்பாலும் ஒருமுறை நிகழ்வது. அது கதையின் உச்சம். கதவு திறக்கின்றது, அதன் பின் வாழ்க்கை வேறாகின்றது. வேதாளத் தொடரிலோ பேசுதல் உச்சமன்று. அது மாதந்தோறும் நிகழ்வது. ஒவ்வொரு முறையும் மன்னன் உண்மையைச் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறான். எமது அனுபவம் இதற்கே நெருங்கியது. தமக்கையாரிடம் 1998இற் கூறினோம். சில ஆண்டுகளின் பின் தொழிலிடத்துத் தோழர் ஒருவரிடம். பின்னர் தமக்கையாரின் கணவரிடம். ஒருவரிடம் கூறியது மற்றொருவரிடம் கூறும் வேலையைக் குறைக்கவில்லை. உறவுமுறையால் நெருக்கமாகப் பின்னப்பட்ட தோட்டத்துச் சமூகத்தில், ஒவ்வொருவரும் வேறொரு வினாவையே கேட்பர். தமக்கையாரின் மறுமொழி “இத அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத, நான் பாத்துக்கிறேன்” என்பதாகவே இருந்தது. அன்று அது எமக்கு ஆறுதலாயிற்று. வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிட்டது என்பதும் அப்போதே விளங்கிற்று.

பழமொழியின் பக்கமிருந்து பார்ப்போர் வேறு முடிவுக்கு வருவர். திருமணப் பேச்சு ஒவ்வொன்றும் எம் மறுப்பால் முறியுந்தோறும், அத்தையார் “வேதாளம் பழையபடி முருங்க மரம் ஏறிருச்சு” என்பார். அப்பழமொழியின்படி நாமே வேதாளம். எம்மை நல்வழிக்குச் சுமந்துசெல்ல முயலும் குடும்பமே மன்னன். வாசகராகிய நாமோ எம்மை மன்னனாகக் கருதியிருந்தோம். ஒரே கதை இருதரப்பாருக்கும் தத்தம் துயரத்தைச் சொல்ல இடங்கொடுத்தது. எமக்கு ஏமாற்றம் தந்த அத்தையாரும் எவ்வளவோ தூரம் எதையோ சுமந்து நடந்தவரே என்பதை இப்பழமொழியைப் பின்னர் எண்ணிப்பார்த்தபோதே உணர்ந்தோம்.

சமூக நோக்குடைய வாசகர் இங்கு இன்னொரு வினாவை எழுப்பலாம்: இச்சுமைப் பயணத்துக்கு மன்னனை அனுப்பியவர் யார்? நாள்தோறும் அரசவைக்கு வந்து, உள்ளே மணி பொதிந்த கனியைக் கொடுத்த துறவியே அவர். வாங்கிய கொடைக்குக் கைம்மாறாக மன்னன் பிணத்தைக் கொண்டுவர உடன்படுகிறான். துறவியின் உள்நோக்கம் மன்னனையே பலியிடுதல். கொடை உண்மையானது, கடப்பாடும் உண்மையானது, முடிவில் இருப்பது பலிபீடம். குடும்ப மானம், சொத்து, சாதிக்குள் திருமணம் என்னும் ஏற்பாடுகள் தம் பிள்ளைகளுக்கு உண்மையாகவே பலவற்றைத் தருகின்றன. அதற்கு ஈடாக அவர்களது வாழ்க்கையைக் கேட்கின்றன. அன்பும் ஒடுக்குமுறையும் ஒரே கையிலிருந்து வருவதைக் காட்டுதற்கு யதார்த்த நாவலாசிரியர் பல அத்தியாயங்கள் எழுதவேண்டியிருக்கும். நாட்டார் கற்பனை ஒரு கனியைக் கொண்டு அதனைக் காட்டிவிடுகின்றது. துறவியின் சூழ்ச்சியை மன்னனுக்கு இறுதியில் வெளிப்படுத்திக் காப்பதும் தோளிலிருந்த வேதாளமே. இறக்கிவைக்கவேண்டிய சுமை என எண்ணப்பட்டதே அறிவுரை கூறிற்று.

5

இவ்வளவும் கூறியபின், ஒப்புமை காணும் வாசிப்பின் எல்லைகளையும் சுட்டாதுவிடின் எமது நோக்கு ஒருபக்கச் சார்புடையதாகும். தொகுப்பிலுள்ள தனிக்கதைகளுட் சில எம் போன்றோர்க்கு எளிதில் ஆசை காட்டுவன. அவ்வாசைக்கு இணங்குதல் கூடாது.

தலைகள் மாறிய கதை யாவரும் அறிந்தது. கணவனும் மைத்துனனும் தம் தலைகளை அரிந்துகொள்ள, தெய்வ வரம் பெற்ற பெண் அவசரத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். தோமஸ் மன் இதனைக் குறுநாவலாக்கினார் (1940). கிரீஷ் கர்னாட்டின் ‘ஹயவதனா’ (1971) நாடகமும் இதிலிருந்து கிளைத்தது. உடல் ஒன்றாகவும் தான் வேறாகவும் உணர்வோர் இக்கதையிலே தம்மைக் காண்பது இயல்பு. ஆயின் மன்னனின் விடை யாது? உறுப்புகளுள் தலையே தலைமையானது. ஆதலால் கணவனின் தலையைக் கொண்டவனே கணவன். தலை உடலை ஆளவேண்டும் என்னும் அதிகாரவரிசையின் குரலே இது. வேதாளம் எழுப்பும் வினாக்கள் ஆழமானவை. மன்னன் தரும் விடைகள் பல சமயங்களில் அரசாட்சியின் விடைகள். எம்மை நாம் வினாவிற் கண்டோம் என்பதனால் விடையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மந்திரக் குளிகைக் கதை இதனினும் சிக்கலானது. மனஸ்வாமி என்னும் இளைஞன், குளிகையை வாயில் இட்டுப் பெண்ணாகி, தான் விரும்பிய அரசிளங்குமரியின் தோழியாக அந்தப்புரத்தில் வாழ்கிறான். குளிகையை எடுத்தால் மீண்டும் ஆணாவான். பால்மாற்றம் இங்கு ஓர் உபாயம் மாத்திரமே. அகத்தின் உண்மை அன்று. பெண்ணுருவில் வந்தவன் ஏமாற்றுக்காரன் என்னும் எண்ணமும் இக்கதையின் அடியில் உண்டு. திருநங்கையர் மீது இன்றுவரை வீசப்படும் பழியும் அதுவே. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ (2005), லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007) ஆகிய நூல்களைக் குளிகைக் கதையின் அருகே வைத்துப் பார்ப்பின், மாயக் கதை எங்கே கைவிடுகிறதோ அங்கே சொந்த வரலாறு பேசத் தொடங்குவதைக் காணலாம். யதார்த்த எழுத்து வேண்டுமென்ற முற்போக்கு விமரிசகரின் கோரிக்கையின் நியாயம் இவ்விடத்தில் மறுக்கவொண்ணாதது. ஒப்புமையால் மட்டும் வாழ முடியாது. தம்மைப் பற்றி நேராக எழுதப்பட்ட நூலும் மனிதருக்கு வேண்டும். மலையகத் தமிழில் அத்தகைய எழுத்து பெருகுதல் வேண்டும் என்பதே எமது விருப்பம்.

6

அம்புலிமாமாவில் நாம் ஒருபோதும் காணாத கதையொன்று உண்டு. அது மூலத் தொகுப்பின் இறுதி வினாவைக் கொண்டது. முடிவின்றி நீண்ட இதழ்த்தொடரில் மன்னன் எப்போதும் விடை கூறினான். வேதாளம் எப்போதும் பறந்தது. பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், 1880க்கும் 1884க்கும் இடையில் வெளியான டோனியின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே ‘கதாசரித்சாகர’த்தின் முடிவை அறிந்தோம்.

அவ்விறுதிக் கதை வருமாறு: நாடிழந்து காட்டுவழியே சென்ற தாயும் மகளுமாகிய இரு பெண்களின் அடிச்சுவடுகளைத் தந்தையும் மகனும் காண்கின்றனர். பெரிய அடிக்குரியவளைத் தந்தையும் சிறிய அடிக்குரியவளை மகனும் மணப்பதென உடன்பாடு. நேரிற் காணும்போதோ, பெரிய அடி மகளுடையது. சிறிய அடி தாயுடையது. சொன்ன சொல் தவறாது தந்தை மகளையும், மகன் தாயையும் மணக்கின்றனர். இரு இணையருக்கும் பிள்ளைகள் பிறக்கின்றன. அப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை?

மன்னன் பேசவில்லை. தலை வெடிக்கவுமில்லை, அவன் மறைக்கவில்லை, அவனுக்குத் தெரியவில்லை. மொழியிலே அதற்குச் சொல் இல்லை. அந்த மௌனத்தைக் கண்டு வேதாளம் மகிழ்கின்றது. மரத்துக்குத் திரும்பாமல் மன்னனைக் காக்க முன்வருகின்றது. ஆகவே இத்தொகுப்பு இருவகை மௌனங்களை வேறுபடுத்துகின்றது. தெரிந்ததை அஞ்சி மறைக்கும் மௌனம் ஒன்று. அதற்குத் தண்டனை உண்டு. சொல் இன்னும் பிறவாமையால் நேரும் மௌனம் மற்றொன்று. அதற்குத் தண்டனை இல்லை. வெளிப்படுத்தல் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் முதல்வகை மௌனத்தையே கருத்திற் கொள்கின்றன. பேசத் துணிந்த பின்னரும் எஞ்சியிருக்கும் இரண்டாவது மௌனத்தை இக்கதையின் துணைகொண்டே நாம் விளங்கிக்கொண்டோம்.

அது வெறும் நூலறிவாக நிற்கவில்லை. எம்மோடு வாழும் துணைவரை முதன்முறையாகத் தமக்கையாரின் இல்லத்துக்கு அழைத்துச் சென்ற நாளில், ஏழு வயதான மருமகள் வாசலில் நின்று, “மாமா, இவங்கள நான் என்னா மொற சொல்லிக் கூப்புடுறது?” என்று கேட்டாள். வீட்டில் ஒருவரும் பேசவில்லை. தமிழ் உறவுமுறை மிகத் துல்லியமானது. மாமாவின் துணை அத்தை; அச்சொல் பெண்ணைச் சுட்டும். மாமாவின் தோழர் மாமா. அச்சொல் எமது உறவை மறைக்கும். தமக்கையார் சற்று நேரம் எம்மைப் பார்த்தார். பின்னர், “இவரும் மாமாதான்” என்றார்.

அச்சொல் அன்று எம்மை ஏற்றுக்கொண்டது. அதே வேளையில் எம்மை மறைத்தும் வைத்தது. நண்பரென அயலாருக்கு விளக்கவும் அது உதவிற்று. ஏற்பையும் மறைப்பையும் ஒரே சொல்லுள் வைக்கும் வசதி எமது உறவுமுறையில் உண்டு. அதனை நன்றியோடும் ஐயத்தோடும் நோக்கவேண்டியவர்களாக உள்ளோம். அன்று தமக்கையார் உண்மையை மறைத்தாரா, சொல்லில்லாத இடத்தில் இருந்த சொல்லைத் தந்தாரா என்னும் வினா எம்முள் நெடுநாள் இருந்தது. இரண்டும் உண்மையென்றே இன்று கருதுகிறோம்.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். வேதாளத் தொடர் தன்பால் ஈர்ப்புடையோரைப் பற்றிய படைப்பன்று. அவ்வாறு நிறுவ நாம் முயலவுமில்லை. பேச்சும் மௌனமும் எவ்வாறு அதிகாரத்தால் விலைகுறிக்கப்படுகின்றன என்பதை அதன் சட்டகம் காட்டுகின்றது. அதனாலேயே, பேச இயலாத நிலையிலிருந்த வாசகர் ஒருவர் அதனுள் நுழைய முடிந்தது. தப்பியோடுவதற்காக நாம் அம்மயானத்துக்குச் செல்லவில்லை. எம் நிலைமையைத் தோளிற் சுமந்து நடந்து பார்ப்பதற்கே சென்றோம். மாயக் கதையின் பயன் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அதனைக் கையில் வைத்திருப்பவர் யாரென விமரிசகர் வினவுதல் வேண்டும். ஆதித் தமிழ் வீரயுகப் பாடல்களை வாய்மொழி மரபாக ஆராய்ந்து அதனூடே ஒரு சமூகத்தைக் கண்ட கைலாசபதியின் முறையியலுக்கு இக்கோரிக்கை அந்நியமானதன்று என்றே நம்புகிறோம்.

இரண்டாவதாக, வெளிப்படுத்தலைத் தனிமனிதத் துணிவின் கதையாக மட்டும் நோக்குவது போதாது. முதல்வகை மௌனத்தை நீக்குதல் சட்டத்தினதும் நீதியினதும் பணி. 365ஆம், 365அ ஆம் பிரிவுகளை அகற்றுவது அதன் முதற்படி. இரண்டாம்வகை மௌனத்தைச் சட்டத்தால் நீக்க முடியாது. புதிய உறவுக்குச் சொல் தேடுதல் மொழியை வழங்குவோர் அனைவரதும் பணி. எழுத்தாளர்க்கும் தமிழியல் பயில்வோர்க்கும் அதிற் பங்குண்டு.

அன்று வாசலில் நின்று கேட்ட மருமகள் இன்று வளர்ந்துவிட்டாள். யாவற்றையும் அறிவாள். எம் துணைவரை இன்றும் அவள் ‘மாமா’ என்றே அழைக்கிறாள். ஆயின் அண்மையில் தன் தோழியர்க்கு அவரை அறிமுகஞ் செய்தபோது, “இவங்க எங்க மாமாவோட வீட்டுக்காரரு” என்றாள். தோட்டத்தில் மனைவியர் தம் கணவரைச் சுட்டும் பழஞ்சொல் அது. அவள் புதிதாக எதனையும் ஆக்கவில்லை. இருந்த சொல்லை இன்னோரிடத்தில் வைத்தாள். தோழியருள் ஒருத்தி அவருக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள்.